எட்டே முக்காலுக்கு விடியுற ஊர்ல ஒரு ஒயர் கூடை

ஸ்காட்லாந்துல வேலை கிடைச்சிருக்குன்னு சொன்னதும் ஊர்ல அத்தனை பேரும் குளிரைப் பத்திதான் பேசுனாங்க. நல்ல ஜாக்கெட்டா வாங்கு, காதை மூடிக்கோ, உள்ள ரெண்டு பனியன் போடு, தேங்கா எண்ணெய் உறைஞ்சிரும்னு ஆளாளுக்கு யோசனை. இருட்டைப் பத்தி ஒருத்தர் கூட வாயே திறக்கல. இங்க வந்து பாத்தா குளிர் பெரிய விஷயமே இல்ல, வீட்டுல ஹீட்டர் இருக்கு, பஸ்ல ஹீட்டர் இருக்கு, நான் இருக்கிற அபர்டீன் கடலோர ஊருங்கிறதால பனி கூட நாம படத்துல பாக்குற அளவுக்கெல்லாம் கொட்டாது. ஆளைப் போட்டுச் சாய்ச்சது காலை இருட்டுதான். அக்டோபர்ல வந்து இறங்குறவங்க, முக்கியமா தனியா வர்றவங்க, யாராவது இதைப் படிச்சா கொஞ்சம் தயாரா வரலாமேன்னுதான் எழுதுறேன், அதுல ஒரு ஒயர் கூடை எப்படிக் கை குடுத்துச்சுன்னு பின்னாடி சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் திருநெல்வேலிப் பக்கம். எங்க ஊர்ல சூரியன் வருஷம் பூரா காலைல ஆறுல இருந்து ஆறே முக்காலுக்குள்ள வந்துரும், மார்கழியோ சித்திரையோ அரை மணி நேரம் முன்னப் பின்ன, அவ்வளவுதான். அபர்டீன் பூமத்திய ரேகைக்கு 57 டிகிரி வடக்கு. டிசம்பர் 21-ஆம் தேதி இங்க சூரியன் உதிக்கிறது 8.46 வாக்குல, மறையுறது 3.26. மொத்தப் பகலே ஆறே முக்கால் மணி நேரத்துக்கும் கம்மி. அதுலயும் உதிக்குதுன்னா நம்ம ஊர் மாதிரி மேல ஏறி வராது, நட்ட நடு மதியத்துலயும் எதிர் வீட்டுக் கூரைக்குக் கொஞ்சம் மேல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போயிரும். ஊரே சாம்பல் நிற கிரானைட் கல்லுல கட்டுனது, மழை பெஞ்சா வானம் எது சுவர் எதுன்னு தெரியாது. எனக்கு வேலை ஒரு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல, எண்ணெய்க் கிணத்துக்குப் போற சாமான்களை இன்ஸ்பெக்ஷன் பண்ற வேலை, காலைல ஏழரைக்கு உள்ள இருக்கணும், நாலு மணிக்கு வெளிய வரணும், வொர்க்ஷாப்புக்கு ஜன்னலே கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்க, போறப்ப ராத்திரி, வர்றப்ப ராத்திரி. வெள்ளிக்கிழமை மட்டும் மதியமே முடிச்சிருவாங்க, அன்னிக்கு மழை இல்லைன்னா சூரியனைப் பாக்கலாம்.

முதல்ல இது ஒரு பிரச்சினைன்னே பிடிபடல. அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால திருப்புவாங்க, அப்ப எட்டேகாலுக்கு வந்துட்டிருந்த வெளிச்சம் ஏழேகாலுக்கு வந்துருது, அட பரவால்லியேன்னு இருந்துச்சு. அது அப்படியே தின்னுட்டே போயி நவம்பர் முடியுறதுக்குள்ள எட்டேகாலையும் தாண்டிப் போயிருச்சு. என் உடம்புல என்ன நடந்துச்சுன்னா, அலாரம் அடிக்கும், காதுல விழும், கண்ணும் திறக்கும், ஆனா உடம்புக்கு அது நடுராத்திரி. கட்டில் விளிம்புல உக்காந்து ஒரு கால்ல சாக்ஸ் போட்டுட்டு இன்னொரு சாக்ஸைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பேன், யோசனைன்னு ஒண்ணும் ஓடாது, அழுகையும் வராது, சும்மா உக்காந்திருப்பேன். நிமிர்ந்து பாத்தா பஸ் போயிருக்கும். அப்புறம் டாக்ஸி, ஒரு தடவைக்கு பதினாலு பவுண்டு. டாக்ஸி பிடிச்சும் லேட்டானா சம்பளத்துல கழிப்பாங்க. ஒரு கட்டத்துல சூப்பர்வைசர் கூப்பிட்டு, திட்டல, ஆனா லேட்டா வர்றதை எழுத்துல குறிச்சு வெக்க வேண்டியிருக்கும்னு சொல்லிட்டாரு. விசாவுல இருக்கிறவனுக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல.

வீட்டுக்காரி ஊர்ல டீச்சர், பள்ளிக்கூடம் முடிஞ்சு மே மாசம்தான் வர்றதா ஏற்பாடு. அம்மா தினமும் போன் பண்ணுவாங்க, எனக்குக் காலைல ஆறரைன்னா அவங்களுக்கு மதியம் பன்னெண்டு, சுள்ளுனு வெயில்ல திண்ணையில உக்காந்துகிட்டு "ஏய்யா, சாப்டியா? ஏன் ரூம்ல லைட்டு போடாம இருக்க?"ம்பாங்க. லைட்டு போட்டுத்தாம்மா இருக்குன்னுவேன். நல்லாத்தான் இருக்கேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லியே ரெண்டு மாசம் ஓடிருச்சு. சாயங்காலம் வந்தா பிரட், நூடுல்ஸ், சிப்ஸ், மாவுப் பண்டமா எது கிடைச்சாலும் தின்பேன், ஒன்பது மணிக்குப் படுத்தாலும் தூக்கம் பத்தாது, பேன்ட் இடுப்புல ஏறல. மன அழுத்தம்னா தூக்கம் வராது, சாப்பாடு இறங்காதுன்னுதானே நாம கேள்விப்பட்டிருக்கோம். எனக்கு எல்லாம் தலைகீழா இருந்ததால சோம்பேறித்தனம்னே முத்திரை குத்திக்கிட்டேன். குளிர்காலத்துக்குன்னே வர்ற மன அழுத்தத்துல இப்படி அதிகமாத் தூங்குறதும் மாவுச்சத்தைத் தேடித் தேடித் திங்கிறதும்தான் வழக்கமான அறிகுறின்னு பின்னாடி டாக்டர் சொல்லித்தான் தெரியும். இதுக்கு சீசனல் அஃபெக்டிவ் டிஸார்டர்னு முறையாப் பேர் வெச்சு 1984-ல எழுதுனவங்கள்ல நார்மன் ரோசன்தால்னு ஒரு டாக்டர், தென்னாப்பிரிக்காவுல வெயில்ல வளர்ந்து அமெரிக்காவுக்குப் போனவர், முதல் குளிர்காலத்துலயே அவருக்கே இது வந்திருக்கு. வெயில் ஊர்க்காரனுக்குத்தான் இது உறைக்கும்னு நான் சொல்ல வரல, இங்கயே பிறந்து வளர்ந்தவங்களுக்கும் வருது, ஆனா அவங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னாவது தெரியும்.

இப்ப காசு போன கதை. முதல்ல வாங்குனது மெல்ல மெல்ல வெளிச்சம் கூட்டுற அலாரம் கடிகாரம், அறுபது பவுண்டு. திடுக்குனு எழுப்பாம எழுப்பும், அது நல்ல விஷயம்தான், ஆனா எழுந்த பிறகு அந்த வெளிச்சம் எதுக்கும் பத்தாது. அடுத்து ஆன்லைன்ல 35 பவுண்டுக்கு ஒரு விளக்கு, காலைல வெயிலுக்குப் பதிலா முகத்துல வெளிச்சம் பட வெச்சுக்கிறது, பெட்டில பெரிய எழுத்துல 10,000 லக்ஸ்னு போட்டிருந்துச்சு, லக்ஸ்ங்கிறது வந்து விழுற வெளிச்சத்தோட அளவு. சின்ன டேப்லெட் சைஸ். ஒரு மாசம் டேபிள்ல தள்ளி வெச்சு டீ குடிச்சேன், ஒரு மாத்தமும் இல்ல. அப்புறம் உள்ள இருந்த பேப்பரைப் பிரிச்சுப் பாத்தா, அந்த 10,000 லக்ஸ் பத்து பதினஞ்சு சென்டிமீட்டர் தூரத்துல, அதாவது மூஞ்சியைக் கொண்டுபோயி அதுல ஒட்ட வெச்சாத்தான். தூரம் கூடக்கூட வெளிச்சம் சரசரன்னு விழுந்துரும், ஒரு முழம் தள்ளி உக்காந்தா அதுல கொஞ்சம்தான் தேறும். திருப்பி அனுப்பலாம்னு பாத்தா நாள் தாண்டிப் போச்சுன்னு விக்கிறவன் கையை விரிச்சுட்டான். அதனால விளக்கு வாங்குறவங்க லக்ஸ் எவ்வளவுன்னு கேக்காதீங்க, எத்தனை சென்டிமீட்டர்ல அவ்வளவு லக்ஸ்னு பாருங்க. 40, 50 சென்டிமீட்டர் தூரத்துல 10,000 வரணும், அதுக்கு விளக்கோட முகம் பெருசா இருந்தே ஆகணும், புற ஊதாக் கதிரைத் தடுக்குற யூவி ஃபில்டர் இருக்கான்னும் பாக்கணும். அப்படி ஒண்ணு பிறகு 110 பவுண்டுக்கு வாங்குனேன். இது போக, கூட வேலை பாக்குற ஒருத்தர், ஏதாவது ஹாபி வெச்சுக்கோப்பான்னு சொன்னதைக் கேட்டு மண்பாண்டம் செய்ற சாயங்கால வகுப்புல 140 பவுண்டு கட்டிச் சேந்தேன். வகுப்பு நல்ல வகுப்பு, சொல்லித் தந்த அம்மா தங்கமானவங்க. ஆனா எனக்கு நோவு காலைல, மருந்து சாயங்காலம். இருட்டுல திரும்ப வெளிய கிளம்பவே தெம்பில்லாம பாதியிலேயே நின்னுட்டேன், பணம் திரும்பத் தர மாட்டாங்க. டாக்ஸி, சம்பளப் பிடித்தம், வகுப்பு, உதவாத விளக்கு எல்லாம் சேத்தா எப்படியும் ஐந்நூறு பவுண்டு, ஊர்க்காசுக்கு அரை லட்சம்.

இதுல இன்னொரு கண்ணி இருக்கு, இதை யாரும் சொல்றதில்ல. டிசம்பர் 21-தான் குறைஞ்ச பகல், அது தாண்டிட்டா எல்லாம் சரியாயிரும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். பகலோட நீளம் அதுக்கப்புறம் கூடுறது நிஜம்தான், ஆனா கூடுறதெல்லாம் சாயங்காலப் பக்கம். சூரியன் மறையுறது டிசம்பர் நடுவுலயே தள்ளிப்போக ஆரம்பிச்சிரும், உதிக்கிறதோ மாசக் கடைசி வரைக்கும் இன்னும் லேட்டாயிட்டேதான் போகும், பூமியோட சாய்மானமும் அது சுத்துற பாதை சரியான வட்டமா இல்லாததும் சேந்து பண்ற வேலை. ஜனவரி முதல் வாரத்துலயும் காலை டிசம்பர் 21 மாதிரியேதான் இருட்டிக் கிடக்கும். கிறிஸ்துமஸ் லைட்டெல்லாம் கழட்டிட்டு, லீவும் முடிஞ்சு, புது வருஷத்துல முதல் நாள் வேலைக்குப் போற காலைதான் என்னைப் பொறுத்தவரை உச்சம். அதனால 21-ஆம் தேதியை நம்பாதீங்க, ஜனவரி கடைசி வரைக்கும் பிளான் பண்ணிக்கோங்க. அபர்டீன்ல ஜனவரி முடியுறப்பதான் எட்டேகாலுக்குத் திரும்பும், பிப்ரவரி நடுவுல வேகமா முன்னேறும். சும்மா ஒரு தகவல், 1968-ல இருந்து 1971 வரைக்கும் பிரிட்டன்ல குளிர்காலத்துலயும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடியே வெச்சிருந்தாங்களாம், அந்தக் கணக்குப்படி இங்க ஒன்பதே முக்காலுக்கு விடிஞ்சிருக்கும். ஸ்காட்லாந்துக்காரங்க கூச்சல் போட்டதுல ஆச்சரியமே இல்ல.

டாக்டர்கிட்ட போனது ஜனவரில. உண்மையைச் சொன்னா பஸ் ஸ்டாப்ல நிக்கிறப்ப பஸ் வராமலே போனா நல்லாருக்கும்னு தினமும் தோணிச்சு, அது ஒரு நாள் வேற மாதிரி தோண ஆரம்பிச்சதும் பயந்துட்டேன். இங்க ஜிபி, அதாவது நம்ம ஏரியா குடும்ப டாக்டர், கிட்டப் பதிவு பண்றது ஊருக்கு வந்த முதல் வாரமே செய்ய வேண்டிய வேலை, நோவு வந்த பிறகு ஃபாரம் நிரப்புறது நரகம். அவங்க ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாள் குடுத்தாங்க, கடைசி ரெண்டு வாரம் எப்படி இருந்தீங்கன்னு, அதுல மனசாட்சியோட டிக் போடுங்க, கௌரவம் பாக்காதீங்க. தைராய்டு, இரும்புச் சத்து, வைட்டமின் டி எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்தாங்க, ஏன்னா இந்த அசதிக்கு அதுவும் காரணமா இருக்கலாம். வைட்டமின் டி எனக்கு மோசமா இருந்துச்சு. இங்க எல்லாருக்குமே அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கச் சொல்றாங்க, நம்ம மாதிரி கருப்புத் தோல்காரங்களை வருஷம் பூரா யோசிக்கச் சொல்றாங்க. பேச்சு சிகிச்சை, மாத்திரை ரெண்டைப் பத்தியும் சொன்னாங்க. ஸ்காட்லாந்துல டாக்டர் எழுதுற மருந்துக்கு 2011-ல இருந்து காசே கிடையாது, செலவுக்குப் பயந்து யாரும் போகாம இருக்க வேண்டாம். வெளிச்ச விளக்கு பத்திக் கேட்டேன், சில பேருக்கு உதவுது, ஆனா உறுதியாச் சொல்ற அளவுக்குச் சான்று பத்தாது, அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ல தர மாட்டோம், கண் நோய் இருந்தாலோ, பைபோலார்ங்கிற மனநோய் இருந்தாலோ, வெளிச்சம் பட்டா ஒத்துக்காத மருந்து எடுத்தாலோ கேக்காமத் தொடக் கூடாதுன்னாங்க. எனக்கு அதெல்லாம் இல்ல, அதனால நம்பி வாங்குனேன். ராத்திரி நேரத்துல மனசு தாங்கலன்னா சமாரிட்டன்ஸ்னு போன்ல ஆறுதலாப் பேசுற தொண்டு அமைப்பு இருக்கு, நம்பர் 116 123, எப்பவும் எடுப்பாங்க, போன் காசும் ஆகாது.

இனிமேதான் கூடை. வொர்க்ஷாப்ல மரப்பெட்டியெல்லாம் பிளாஸ்டிக் பட்டை போட்டுக் கட்டி வரும், வெட்டுனதும் மூலையில மலை மாதிரி குவியும். ஒரு நாள் டீ பிரேக்ல சும்மா நின்னவன் அதுல நாலு துண்டை எடுத்து என்ன பண்றோம்னு தெரியாமலே கையில முறுக்கிட்டு இருந்தேன், பாத்தா பாதிப் பந்து. ஓலைப் பந்துங்க. பனை ஓலையை ஈர்க்கு நீக்கிக் கிழிச்சு, மடிச்சு மடிச்சுக் கோத்து இழுத்தா சதுரமா ஒரு பந்து வருமே, அது. கடைசியா பின்னுனது ஆறாங் கிளாஸ்லயா ஏழாங் கிளாஸ்லயா இருக்கும். என் தலைக்கு ஞாபகமே இல்ல, விரலுக்கு இருந்துச்சு. எங்க பக்கம் பனைதான் எல்லாமே, ஓலைக் காத்தாடி செஞ்சு நடுவுல கருவேல முள்ளைக் குத்திக்கிட்டுக் காத்துக்கு எதிரா ஓடுவோம், முள்ளு ரொம்ப இறுக்கமா இருந்தா சுத்தாது, லூசா இருந்தா ஓலை கழண்டு ஓடிரும், அந்தப் பதம் தெரிஞ்சவன்தான் தெருவுல பெரிய ஆளு. உள்ள கல்லு போட்ட கிலுக்கு, நுங்கு தின்னுட்டு அந்தக் கூந்தையில வண்டி, பூவரச இலையைச் சுருட்டி பீப்பி, தீப்பெட்டி ரெண்டுல நூல் கட்டி போன், மழைத் தண்ணி ஓடுனா கத்திக் கப்பல். காசு குடுத்து வாங்குன விளையாட்டுச் சாமான்னு எங்க வீட்டுல ஒண்ணும் இருந்ததில்ல. அந்தப் பட்டைப் பந்தை முடிச்சு சூப்பர்வைசர் மேசையில வெச்சேன், அவர் அதை உருட்டிப் பாத்துட்டு இது எங்க வாங்குனேன்னு கேட்டாரு. குப்பையிலன்னேன்.

அன்னிக்கு பஸ்ல வர்றப்ப மனசு வேற மாதிரி இருந்துச்சு, நல்லாருந்துச்சுன்னு கூடச் சொல்ல மாட்டேன், இருந்துச்சு, அவ்வளவுதான், அதுக்கு முன்னாடி மனசுன்னு ஒண்ணு இருந்ததாவே தெரியல. ராத்திரி அத்தைக்குப் போன் போட்டேன். அப்பாவோட அக்கா, எங்க குடும்பத்துல ஒயர் கூடைன்னா அவங்கதான், கல்யாணத்துக்குத் தாம்பூலத்தோட குடுக்குற குட்டிக் கூடையில இருந்து சந்தைக்குப் போற பெரிய கூடை வரைக்கும் பின்னிப் பின்னியே ரெண்டு பொண்ணைக் கட்டிக் குடுத்தவங்க. லீவுல அவங்க வீட்டுக்குப் போனா எங்களையெல்லாம் வரிசையா உக்கார வெச்சுப் பின்ன விடுவாங்க, பையன் பொண்ணுன்னு பேதமெல்லாம் இல்ல, சம்பளம் ஒரு கப் ஐஸ். "என்ன மருமவனே, சீமைக்குப் போயி கூடையா பின்னப் போற?"ன்னு ஒரு சிரிப்பு. அப்புறம் ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம, வர்ற ஆளு யாருன்னு விசாரிச்சு, லீவு முடிஞ்சு திரும்பி வந்த ஒரு நண்பர் பெட்டியில மூணு ரோல் ஒயர் குடுத்து விட்டுட்டாங்க, மஞ்சள் ரெண்டு, சிவப்பு ஒண்ணு. என்ன கலர் வேணும்னு என்கிட்ட கேக்கவே இல்ல.

அடி எப்படி ஆரம்பிக்கிறதுன்னு மறந்து போயிருந்துச்சு. வீடியோ கால்ல அத்தை செஞ்சு காட்டுனாங்க. கட்டிங் ஒயரை எல்லாம் சமமா நறுக்கிப் பாதியா மடிச்சு, நீளமான ரன்னிங் ஒயரோட ஒண்ணொண்ணா முடிச்சுப் போட்டு முதல் வரிசை. ரெண்டு ஒயரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு வளையமாப் புகுந்து நாலு முனையையும் ஒரே நேரத்துல இழுத்தா முடிச்சு சதுரமா உக்காரும், ஒரு முனையை மட்டும் இழுத்தா கோணிக்கும், கோணுன முடிச்சு அடுத்த வரிசையையே கோணலாக்கிரும். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சுன்னு அத்தைக்குத் தெரியாத தினுசு இல்ல, "உனக்கு எதுக்கு அதெல்லாம், சாதா முடிச்சு போடு போதும்"னுட்டாங்க. எவ்வளவு சரியான பேச்சுன்னு பிறகுதான் புரிஞ்சுது.

ஏன்னா வெளிச்ச விளக்கு முன்னாடி அரை மணி நேரம் உக்காரணும், எழுந்து ஒரு மணி நேரத்துக்குள்ள, கண்ணைத் திறந்துகிட்டு. விளக்கை நேரா முறைச்சுப் பாக்கணும்னு இல்ல, அது முகத்துல விழுந்தாப் போதும். கண்ணுக்குள்ள பார்வைக்குன்னு இல்லாம வெளிச்சத்தை அளக்குறதுக்கே தனியா சில செல் இருக்கு, அதுதான் மூளையில இருக்குற கடிகாரத்துக்கு விடிஞ்சாச்சுன்னு சேதி அனுப்புது. கேக்க சுலபமா இருக்கு, செய்றதுக்கு அந்த அரை மணி நேரம் மலை. போனை எடுத்தா கட்டிலுக்கே திரும்பிப் போயிருவேன், புத்தகம் படிச்சா ரெண்டாவது வரியில கண்ணு சொருகும், டீ அஞ்சு நிமிஷத்துல தீந்துரும். கூடை மட்டும்தான் என்னை அந்த நாற்காலியில உக்கார வெச்சுது. மேசையில விளக்கு கொஞ்சம் உசரத்துல ஒரு பக்கமா, நெஞ்சுக்கு நேரா கூடை, ரெண்டு கையும் பிஸி, போனைத் தொட முடியாது. மூளை பாதித் தூக்கத்துல இருந்தாலும் சாதா முடிச்சுக்கு அது தேவையே இல்ல, விரல் பாத்துக்கும். புதுசா ஒரு ஹாபி கத்துக்கறதுக்கும் சின்ன வயசுல செஞ்சதைத் திரும்ப எடுக்குறதுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்னு நினைக்கிறேன், மண்பாண்டத்துல ஒவ்வொரு தடவையும் நான் தோக்குற மாதிரி இருக்கும், இதுல தோக்குறதுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு ஒயர் கூடைன்னு இல்ல, குரோஷா ஊசியா இருக்கலாம், எம்ப்ராய்டரி வளையமா இருக்கலாம், பேப்பர் பூவா இருக்கலாம், ஸ்கூல்ல கிராஃப்ட் பீரியட்ல திட்டு வாங்கிக் கத்துக்கிட்ட எதுவா இருந்தாலும் சரி, யோசிக்காமக் கை ஓடணும், திரை இருக்கக் கூடாது.

ரெண்டு மூணு சின்ன விஷயம் இதுல உதவிச்சு. காலைல பின்னி நிறுத்துறப்ப வரிசையை முடிச்சு நிறுத்த மாட்டேன், ஒரு முடிச்சைப் பாதியில விட்டுட்டுப் போவேன், மறுநாள் உக்காந்ததும் எங்க ஆரம்பிக்கன்னு யோசிக்க வேண்டாம், அந்த ஒண்ணை இழுத்தாப் போதும், அப்படியே ஓடும். ராத்திரியே மேசையைத் துடைச்சு, கூடையை வெச்சு, சாக்ஸ் ரெண்டையும் நாற்காலி மேல போட்டுட்டுத்தான் படுப்பேன், கட்டில்ல உக்காந்து சாக்ஸ் போடுற வேலையே இல்ல. விளக்கை சாயங்காலம் தொடவே மாட்டேன், ராத்திரி போட்டா தூக்கம் இன்னும் தள்ளிப் போயிரும். முதல் வாரம் பெருசா ஒண்ணும் தெரியல, ரெண்டாவது வாரம் பஸ் தவறுறது குறைஞ்சுது. விளக்கா, வைட்டமினா, கூடையா, இல்ல பிப்ரவரி பொறந்துட்டதாலயான்னு கேட்டா பிரிச்சுச் சொல்ல என்கிட்ட கருவி இல்ல. கூடை மட்டும் போதும்னு யாராவது நினைச்சா அது ஆபத்து, டாக்டரைப் பாத்துட்டுத்தான் கூடை. சில காலைல கூடையைத் தொடாம விளக்கை வெறிச்சுட்டு உக்காந்திருந்தேன், அதுவும் நடக்கும்.

அடுத்த குளிர்காலத்துக்கு செப்டம்பர்லயே ஆரம்பிச்சுட்டேன். விளக்கை எடுத்து வெச்சாச்சு, வைட்டமின் வாங்கியாச்சு, மேனேஜர்கிட்ட மதியச் சாப்பாட்டு நேரத்துல கால் மணி நேரம் வெளிய நடக்கணும்னு சொல்லி வெச்சாச்சு. மேகம் மூடிக் கிடந்தாலும் நடுப்பகல்ல வெளிய ஆயிரக்கணக்குல லக்ஸ் இருக்கும், ஆபீஸ் டியூப்லைட்டுக்கு கீழ முன்னூறு, ஐந்நூறுதான், இது மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்தச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் கேன்டீன்ல உக்காந்து போக்கியிருக்க மாட்டேன். சனிக்கிழமை டூத்தி பார்க்ல இருக்கிற விண்டர் கார்டன்ஸுக்குப் போறது. பெரிய கண்ணாடி வீடு, காசு கிடையாது, உள்ள கள்ளிச் செடிங்களும் வெப்ப நாட்டுச் செடிங்களும், கதவைத் திறந்ததும் கண்ணாடி மூடிக்கும், துடைச்சுட்டு நிமிர்ந்தா ஈர மண் வாசனை. எங்க ஊர்ல கள்ளி வேலியோரம் கிடக்கும், யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, இங்க அதுக்குப் பேர்ப் பலகை வெச்சு ஹீட்டர் போட்டு வளக்குறாங்க. வீட்டுக்காரி இப்ப இங்கதான், அவளுக்குக் கூடை பின்ன வராது, பின்னவும் பிடிக்கல, விளக்கு முன்னாடி உக்காந்து கோலம் போடுறா, நோட்டுல, புள்ளி வெச்சு. அதுவும் நல்லாத்தான் வேலை செய்யுது.

கடைசியா ஒயர் பத்தி, ஊர்ல இருந்து கொண்டு வர நினைக்கிறவங்களுக்கு. ரோலா கொண்டு வந்தா பெட்டில எடை தின்னும், தேவைக்கு மட்டும் எடுத்துக்கோங்க, நடுத்தரக் கூடைக்கு ரெண்டு ரோல் தாராளம். நம்ம ஊர் வெயில்ல வளையுற ஒயர் இங்க குளிர்ல விறைச்சுக்கும், முடிச்சு இறுகாது, இழுத்தா விரல் ஓரம் அறுக்கும். வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு எடுத்துத் துடைச்சுட்டுப் பின்னுனா சொன்ன பேச்சு கேக்கும், கொதிக்கிற தண்ணி வேண்டாம், சாயம் போனாலும் போகும், நெளிஞ்சும் போயிரும். ஹீட்டர் மேல வெக்காதீங்க. ஒயர் கிடைக்கலன்னா வேலை செய்ற இடத்துல, சூப்பர் மார்க்கெட் பின்பக்கம், பேக்கிங் பட்டை கேட்டா சந்தோஷமாக் குடுப்பாங்க, ஆனா அதோட ஓரம் கூரா இருக்கும், சோப்புத் தண்ணியில கழுவிட்டு, முதல்ல கையுறை போட்டுக்கிட்டு ஒரு பந்து பின்னிப் பழகிட்டு கூடைக்குப் போங்க.